பேஸ்பால் டிக்கெட் என்று 68,000 ரூபாயை ஏப்பம் விட்ட டூர் ஏஜென்சி: காரைக்குடிக்காரர்களே, உஷார்

இன்று மத்தியானம் அந்த ஆபீஸை விட்டு வெளியே வந்த சூடு இன்னும் தணியவில்லை. அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொடுத்தது 68,000 ரூபாய். அதற்கு வந்தது நாலு ஸ்கிரீன்ஷாட். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பேர் போடப் போவதில்லை. வக்கீல் நண்பர் வேண்டாம் என்றார். காரைக்குடியில் ஏர் டிக்கெட், விசா பேப்பர், குரூப் டூர் எல்லாம் பார்க்கிற ஒரு ஏஜென்சி, அவ்வளவுதான்.

எனக்கு பேஸ்பால் கிறுக்கு பிடித்தது 2008-ல். ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு வேறு), தினேஷ் பட்டேல் என்று ஈட்டி எறிந்துகொண்டிருந்த நம்ம நாட்டுப் பையன்கள் இரண்டு பேரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்கிற அமெரிக்க டீம் அந்த வருஷம்தான் ஒப்பந்தம் செய்தது. மேஜர் லீக் (எம்.எல்.பி.) என்கிற அங்கத்து முதல் தர லீக் வரைக்கும் அவர்கள் போகவில்லை, நான் அந்த டீமோடு ஒட்டிக்கொண்டேன். ஜெயிக்கிற டீமாகப் பார்த்துப் பிடிக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். சீசன் சமயத்தில் அங்கே சாயங்காலம் 6.40-க்கு மேட்ச் என்றால் இங்கே விடியற்காலை 4.10. ஆத்தா வாசல் தெளிக்க எழுந்து வரும்போது நான் வளவில் செல்போனோடு உட்கார்ந்திருப்பேன்.

என் சகலை பிட்ஸ்பர்க்கில் இருக்கிறார். பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோயில் உள்ள ஊர் என்றால் நம்ம ஆட்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே போக ஏர் டிக்கெட் போடத்தான் இந்த ஏஜென்சிக்குப் போனோம். பேச்சுவாக்கில் மேட்ச் பார்க்கிற ஆசையை நான் சொன்னதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அண்ணே, நீங்க எந்தக் கோயில்?" இளையாத்தங்குடி என்றேன். நகரத்தார் எங்களுக்கு ஒரே கோயில் என்றால் பங்காளி. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அட, நாங்களும் இளையாத்தங்குடிதாண்ணே, பங்காளியா போயிட்டோம்!" என் மனைவியை ஆச்சி ஆச்சி என்று கூப்பிட்டு, காபி வரவழைத்து, ஒக்கூரில் யார் வீடு, யாருக்கு யார் மாப்பிள்ளை என்று அரைமணி நேரம் பேசினான். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒருத்தனிடம் என்ன அடையாளம் கேட்பது? கோயில் பேரைச் சொல்லிக் காசு பிடுங்குகிறவன் இருப்பான் என்று எந்த வீட்டிலும் சொல்லி வளர்ப்பதில்லை.

சகலையே வாங்கித் தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். அதற்குள் இவனிடமிருந்து போன்: "எடுத்தாச்சுண்ணே. ஹோம் பிளேட்டுக்குப் பின்னாடி நாலு சீட். அங்க கிளப்லயே நமக்கு ஆள் இருக்கு. பால் ஸ்கீன்ஸ் போடுற மேட்ச். இப்ப விட்டா கிடைக்காது." ஹோம் பிளேட் என்றால் பேட் செய்கிறவர் நிற்கிற இடம், ஸ்கீன்ஸ் பைரேட்ஸின் பிட்சர், நம்ம கிரிக்கெட் பாஷையில் பவுலர். ஒரு டிக்கெட் 17,000, நாலுக்கு 68,000. அன்றைக்கு ராத்திரியே ஜிபேயில் அனுப்பினேன். ஏர் டிக்கெட்டுக்குக் கம்பெனிக் கணக்கு. இதற்கு மட்டும் வேறொரு நம்பர், "அது தனி டெஸ்க்குண்ணே."

"இப்ப விட்டா கிடைக்காது" என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. ஐ.பி.எல்.லில் சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே.வுக்கு ஒரு சீசனுக்கு ஏழு மேட்ச்தான், டிக்கெட் திறந்த நிமிஷம் காலி, அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நமக்கு டிக்கெட் என்றாலே பதறும். பேஸ்பாலில் கதையே வேறு. ஒரு டீமுக்கு சீசனில் 162 மேட்ச், அதில் 81 சொந்த மைதானத்தில். பைரேட்ஸின் பி.என்.சி. பார்க்கில் 38,000 பேருக்கு மேல் உட்காரலாம், வார நாளில் எங்கே பார்த்தாலும் காலி நாற்காலி. ஸ்கீன்ஸ் கதை அதைவிட மோசம். 2024-ல் அறிமுகமாகி அந்த வருஷமே மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனவர், அவரைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று அவனுக்குத் தெரியும். ஸ்கீன்ஸ் மாதிரி ஆட்டத்தை ஆரம்பித்து எறிகிற பிட்சர் ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவைதான் எறிவார், மழை, வலி என்றால் அதுவும் தள்ளிப் போகும். மாதக்கணக்கில் முன்னால் உட்கார்ந்துகொண்டு இந்தத் தேதியில் இவர்தான் என்று டீம் மேனேஜரே சத்தியம் செய்ய மாட்டார். காரைக்குடியில் உட்கார்ந்து இவன் செய்கிறான்! கடைசியில் நாங்கள் போனதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஸ்கீன்ஸ் எறிந்து முடித்துவிட்டார்.

மேட்ச் அன்று ரொபர்ட்டோ கிளமென்டே பாலத்தில் காரை விட மாட்டார்கள், ஆற்றைக் கடந்து கூட்டம் நடந்தே மைதானத்துக்குப் போகும். மஞ்சள் பாலம், கீழே அலெகேனி ஆறு, எதிரே மைதானம். கிளமென்டே யார் என்று சகலை பையனுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பைரேட்ஸுக்கு ஆடி சரியாக 3,000 ஹிட் அடித்தவர், நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் விழுந்து 1972 டிசம்பர் 31-ல் செத்தவர், அவர் சட்டை எண் 21 என்பதால் வலது பக்கச் சுவரை 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அந்த நடை மட்டும் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கேட்டில் ஸ்கேன் செய்தார்கள். சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை. சிவப்பு. அந்தம்மா பொறுமையாகச் சொன்னார், ஸ்கிரீன்ஷாட் செல்லாது, பால்பார்க் ஆப்பில் உங்கள் கணக்கில் டிக்கெட் இருக்க வேண்டும், விற்றவர் உங்களுக்கு மாற்றி விட்டிருக்க வேண்டும் என்று. எங்கள் யார் கணக்கிலும் ஒன்றும் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள், பையன் முகம் சுருங்கிவிட்டது, மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அவனுக்கு போன் போட்டேன், மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் ஒரே வரி: "அண்ணே இங்க விடியக்காலை, ஆபீஸ் திறந்ததும் பாக்குறேன்." விடியற்காலையில் வாட்ஸ்அப் பார்க்க முழிப்பு இருக்கிறது, போன் எடுக்க இல்லை.

கவுன்டரில் போய் மேல் மாடியில் நாலு டிக்கெட் வாங்கினோம். நாலும் சேர்த்து இவன் ஒரு டிக்கெட்டுக்கு வாங்கிய காசுகூட ஆகவில்லை. பிட்சர் இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்கிற பிட்ச் கிளாக் 2023-ல் வந்த பிறகு ஆட்டம் ஓட்டமாக ஓடுகிறது, உள்ளே போய் உட்காரும்போது ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பியரோகி வேஷம் கட்டிக்கொண்டு ஓடுகிற பந்தயம் ஒன்று உண்டு, பெரிய சோமாசிகள் ஓடுகிற மாதிரி இருக்கும், பையன் அதற்குச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 68,000 ரூபாய்!

ஊர் திரும்பியதும் ஆபீஸுக்குப் போனேன். முதலில் "சர்வர் பிரச்னைண்ணே, ஏழு வேலை நாள்ல ரீஃபண்ட்." அப்புறம் "முதலாளி சிங்கப்பூர் போயிருக்கார்." அப்புறம் கவுன்டரில் இருந்த பெண், "சார், நீங்க பணம் அனுப்பினது எங்க கம்பெனி நம்பரே இல்லையே." அந்த நம்பரை எனக்கு அனுப்பியது உங்கள் கம்பெனி வாட்ஸ்அப்தானே அம்மா என்று காட்டினால், உள்ளே போனவள் வரவே இல்லை.

இன்று அவனே அகப்பட்டான். சொல்கிறான்: "அண்ணே, நீங்கதான் மேட்ச் பாத்துட்டீங்களே, அப்புறம் என்ன ரீஃபண்ட்?" நான் என் காசில் பார்த்தேன்டா என்று கத்திவிட்டேன். அதற்கு மலேசியா டூரில் ஐந்து பர்சென்ட் தள்ளுபடிக் கூப்பனை எடுத்து மேஜையில் வைக்கிறான். உங்கள் வீட்டுப் பெரியவர் யார், பேர் சொல்லு, இளையாத்தங்குடிக் கோயிலில் விசாரித்துக்கொள்கிறேன் என்றேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு சார்" என்றான். அண்ணன் சார் ஆகிவிட்டேன், பங்காளித்தனம் 68,000 ரூபாயோடு முடிந்தது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாக எழுதிவிடுகிறேன். எம்.எல்.பி. மேட்ச் டிக்கெட்டை டீமின் சொந்தத் தளத்திலோ ஆப்பிலோ மட்டும் வாங்குங்கள், அங்கே இருக்கிற பிள்ளையையே வாங்கச் சொல்லுங்கள். வேறு யாராவது விற்றால் உங்கள் கணக்குக்கு மாறி வந்த பிறகுதான் காசு. தனி நம்பருக்கு ஜிபே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பில் கேளுங்கள். ஆன்லைனில் பணம் மோசம் போனால் உடனே 1930, கடை, ஏஜென்சி தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

நான் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன், அடுத்து சிவகங்கை நுகர்வோர் ஆணையம். இதே ஏஜென்சியிடம் மேட்ச் டிக்கெட், பார்க் டிக்கெட் என்று ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், சேர்த்துக் கொடுக்கலாம். பேரை மட்டும் கமென்டில் போட்டுவிடாதீர்கள்.