ஓநாய் மனிதன் வேடத்துக்குக் கைக்கட்டை: வாங்கலாமா?

மனிதக் கை காலைவிடக் குட்டை. அப்படியே நாலு காலில் நின்றால் இடுப்பு தூக்கிக்கொள்ளும், தலை கவிழ்ந்துவிடும். ஓநாய்க் களை வரவே வராது. ஊன்றுகோல்போல் இரண்டு கையிலும் மாட்டிக்கொள்ளும் அலுமினியக் கைக்கட்டை, கையின் நீளத்தைக் கூட்டி இந்தக் குறையை அருமையாகத் தீர்க்கிறது. முன்கையைப் பிடிக்கும் வளையம், கைப்பிடி, உயரம் மாற்றும் பொத்தான், அடியில் ரப்பர் குமிழ், அவ்வளவுதான்.

தோளும் இடுப்பும் ஒரே மட்டத்துக்கு வரும்படி உயரத்தை வையுங்கள். வளையம் முழங்கை மடிப்புக்கு மூன்று விரற்கடை கீழே இருக்கட்டும். மேலே ஏறினால் கை மடங்காது.

முதலில் மெதுநடை: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். இது உடம்பில் ஊறிய பிறகுதான் குறுக்குக் கால்கள் சேர்ந்து விழும் ஓட்டம். குதிகால் தரையில் படக்கூடாது, ஓநாய் விரல்களில் நடக்கும் விலங்கு. புதியவர்கள் முழங்கையை விறைத்துவிடுவார்கள். ஒவ்வொரு அடியின் அதிர்வும் நேரே தோளுக்குப் போகும். கொஞ்சம் மடக்கியே வையுங்கள்.

பொத்தான் துளை தேய்ந்தால் டக் டக்கென்று சத்தம் வரும், மேடையில் அது மானத்தை வாங்கிவிடும். உள்குழாயில் துணி டேப் ஒரு சுற்று போதும். ரப்பர் ஒருபக்கமாகத் தேய்கிறதென்றால் கட்டை சாய்ந்து விழுகிறது. வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய்ச்சலுக்கு மட்டும் இதை நம்பவேண்டாம்.