லு ஆவ்ர் மூமா அருங்காட்சியகம்: பூதேனின் சிறு பலகைகளுக்காகவே போகலாம்

பிரான்சின் நார்மண்டிக் கரையில், லு ஆவ்ர் துறைமுகத்தின் வாயிலை ஒட்டி நிற்கிறது ஆந்திரே மால்ரோ நவீன கலை அருங்காட்சியகம். ஊரார் அதை மூமா என்று சுருக்கி அழைக்கிறார்கள். கணநேர வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிச ஓவியர்களின் படங்களுக்கு, பாரிசுக்கு வெளியே உள்ள தொகுப்புகளில் முன்வரிசையில் வைக்கத்தக்கது என்பதால், மோனேயையும் ரெனுவாரையும் மனத்தில் வைத்துத்தான் பெரும்பாலோர் இங்கே வருகிறார்கள். ஆனால் இந்த இடத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது யூஜேன் பூதேன் என்ற கடலோர ஓவியருக்காக. அதிலும், அவர் தம் கைப்பயிற்சிக்கென்று மரப்பலகைகளில் தீட்டி வைத்திருந்த சிறிய எண்ணெய் வண்ண முன்வரைவுகளுக்காக.

பூதேன் 1824-ல் சேன் ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள ஓன்ஃப்ளர் என்ற சிற்றூரில் ஒரு கடலோடியின் மகனாகப் பிறந்தவர். சிறுவனாகத் தந்தையோடு படகில் எடுபிடி வேலை பார்த்தவர். குடும்பம் லு ஆவ்ருக்குக் குடிபெயர்ந்த பின், 1844-ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து காகிதப் பொருள்களும் படச்சட்டங்களும் விற்கும் கடை வைத்தார். கடற்கரையைத் தேடி வந்த மில்லே, த்ரோயோன் போன்ற ஓவியர்களின் படங்கள் அந்தக் கடைக்கு வந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்தே அவருக்கும் தூரிகை மீது ஆசை பிறந்தது. இருபத்திரண்டாம் வயதில் வியாபாரத்தை விட்டார். 1851-ல் நகராட்சி தந்த மூன்றாண்டு உதவித்தொகையில் பாரிசுக்குப் படிக்கப் போனார். அதன் பிறகு லு ஆவ்ரில் கேலிச்சித்திரங்கள் வரைந்து பெயர் வாங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனை வற்புறுத்தி வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று வரைய வைத்தார். அந்த இளைஞன்தான் குளோத் மோனே. தாம் ஓவியரானது பூதேனால்தான் என்று மோனே முதுமையிலும் நன்றியோடு சொல்லிவந்தார்.

பூதேனுக்குப் புகழும் வருமானமும் தந்தவை 1860-களில் அவர் தீட்டிய ட்ரூவில் கடற்கரைக் காட்சிகள். அகன்ற பாவாடைகளும் குடைகளுமாகச் செல்வர் வீட்டுப் பெண்கள் மணலில் அமர்ந்திருக்கும் படங்கள். அழகானவைதான். ஆயினும் சலோன் என்ற பாரிசின் அதிகாரபூர்வக் கலைக் கண்காட்சிக்கென்று அறைக்குள் உட்கார்ந்து முடித்த பெரிய படங்களில் காற்று அடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. இயற்கையின் முன் நேரே நின்று வைத்த மூன்று தீற்றல்கள், அறைக்குள் இரண்டு நாள் உழைப்பதைவிட மேலானவை என்று அவரே கருதினார். அந்த எண்ணம் எவ்வளவு சரியானது என்பதை உலகில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. 1898-ல் டோவிலில் அவர் இறந்த பின், பட்டறையில் எஞ்சியிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளை 1900-ல் அவருடைய சகோதரர் லூயி இந்த நகரத்துக்குக் கொடுத்தார். விற்பனைக்கு என்று நினைத்தே பார்க்காத படங்கள் சிதறாமல் ஓரிடத்தில் தங்கியது நம் நல்வினை.

சுவரில் நெருக்கமாக மாட்டப்பட்டிருக்கும் இப்பலகைகளில் ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்தால் மறைந்துவிடும் அளவுதான். தொடுவானம் மிகக் கீழே இருக்கிறது. முக்கால் பங்குக்கும் மேல் வானம். கடல் என்பது சாம்பல் கலந்த பச்சையில் குறுக்காக இழுத்த நாலைந்து தீற்றல்கள். அதன் மேல் ஒரு பாய்மரம், தூரிகையின் நுனி பட்டு எடுத்த இடம். மணலுக்குத் தனி வண்ணமே இல்லை, மரத்தின் பழுப்பை அப்படியே விட்டிருக்கிறார். மேகத்தில் வெள்ளை ஈரமாக இருக்கும்போதே சாம்பலை இழுத்திருப்பதால் இரண்டும் கலந்து, மயிரிழைத் தடங்கள் வரப்புகளாக உறைந்திருக்கின்றன. அந்த மேகம் நகர்வதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது அந்தத் தடங்களிலிருந்தே தெரிகிறது. ஓர் அடி பின்னால் வந்தால் தீற்றல்கள் மறைந்து, மழைக்கு முந்திய பிற்பகல் மட்டும் நிற்கிறது.

1859-ல் பூதேனின் பாஸ்டல் (வண்ணக் குச்சி) வரைவுகளைப் பார்த்த கவிஞர் போதலேர், ஓரத்தில் குறித்திருந்த தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் கையால் மறைத்துவிட்டாலும் பருவத்தையும் பொழுதையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்று எழுதினார். அந்தச் சோதனையை இந்தப் பலகைகளின் முன் நீங்களே செய்து பார்க்கலாம். வானத்துக்கு அரசர் என்று ஓவியர் கொரோ அவரைப் பாராட்டியதாகச் சொல்வதும், த்ரோயோன் தம் படங்களில் வானம் தீட்ட அவரையே அமர்த்திக்கொண்டதும் மிகையல்ல என்று புரியும். பசுமாடுகளை வரைந்த பலகைகளும் நிறைய உண்டு. மாட்டின் முதுகில் விழும் வெளிச்சத்தையும் அவர் மேகத்தைப் போலவே கவனித்திருக்கிறார்.

கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய அருங்காட்சியகம் 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் அழிந்தது. அதற்குப் பதிலாக 1961-ல் திறக்கப்பட்ட இக்கட்டடம் கண்ணாடியாலும் உலோகத்தாலும் ஆனது. கூரைக்கு மேலே வரிசையாகப் பொருத்திய அலுமினியத் தகடுகள் வெயிலை வடிகட்டி உள்ளே அனுப்புகின்றன. வெளியே மேகம் கடந்தால் உள்ளேயும் வெளிச்சம் மாறுகிறது. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களைக் கண்ணாடிச் சுவர் வழியே பார்த்துவிட்டுத் திரும்பினால், அதே நீரின் மேல் அதே வானம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பது பலகையில் இருக்கிறது. வெளிச்சத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஓர் ஓவியருக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் கண்டதில்லை.

ஒளிர்ந்த நாளைவிட மேகமூட்டமான நாளில் போவது நல்லது. திங்கட்கிழமை விடுமுறை. பாரிசின் சேன் லசார் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு நாள் தங்க முடிந்தவர்கள் நார்மண்டிப் பாலத்தைக் கடந்து ஓன்ஃப்ளருக்கும் போய்வர வேண்டும். அங்கே 1868-ல் பூதேனும் அவருடைய நண்பர் துபூரும் சேர்ந்து தொடங்கிய அருங்காட்சியகம் இன்று பூதேனின் பெயரிலேயே இயங்குகிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் மூமாவைத் தேர்ந்தெடுங்கள்; அங்கும் ஒரு மணி நேரம்தான் என்றால், மற்றக் கூடங்களை விட்டுவிட்டு முழுவதையும் இந்தப் பலகைகளுக்கே கொடுங்கள்.