சர்க்கரை, மாவுச்சத்து சோதனைப் பெட்டி: பெனடிக்ட் தேறியது, அயோடின் தேறவில்லை

பள்ளிச் செய்முறைக்கென்று சேலத்துக் கடையில் வாங்கிய பெட்டி இது. உள்ளே மூன்று பாட்டில்: பெனடிக்ட் கரைசல் (குளுக்கோஸ் போன்ற சர்க்கரையைக் காட்டும் நீலத் தாமிரக் கரைசல்), அயோடின் (மாவுச்சத்தைக் காட்டும்), நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். கூடவே ஆறு சோதனைக்குழாய், ஒரு குறிப்புத் தாள். வாங்கலாமா என்றால், பெனடிக்டுக்காக வாங்கலாம்.

அதில் 2 மி.லி. மட்டும் எடுத்து ஐந்து நிமிடம் கொதிநீரில் வைத்தோம். தெளிந்த நீலம் மாறவே இல்லை. இப்படிப் பார்க்கையில் நிறம் மாறினால் பாட்டில் கெட்டுப்போனது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எட்டுச் சொட்டு மல்கோவாச் சாறு விட்டு மறுபடி வைத்ததும் பச்சை, மஞ்சள் என்று மாறி, செங்கல் நிறத்தில் குப்ரஸ் ஆக்சைடு (ஒடுங்கிய தாமிரத்தின் ஆக்சைடு) அடியில் தங்கியது. நேராகத் தீயில் காட்டாதீர்கள், பீச்சியடிக்கும்.

சீனியில்தான் தாள் காலை வாருகிறது. சீனி என்பது சுக்ரோஸ்; அதில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், பெனடிக்டோடு வினைபுரிய வேண்டிய தங்கள் ஒடுக்கும் முனைகளாலேயே பிணைந்திருப்பதால் பெனடிக்ட் நீலமாகவே நிற்கும். அமிலம் சில சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் இரண்டும் பிரியும். உடனே பெனடிக்டை ஊற்றச் சொல்கிறது தாள். தப்பு! மிச்ச அமிலம் பெனடிக்டிலுள்ள சோடியம் கார்பனேட்டைத் தின்றுவிடும். காரம் போனால் தாமிரம் ஒடுங்காது. சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரை அடங்கிய பிறகே பெனடிக்ட். வெல்லத்துக்கு இந்தப் பாடு இல்லை. காய்ச்சும்போதே சுக்ரோஸ் கொஞ்சம் உடைந்திருக்கும், நேரடியாகவே நிறம் காட்டும்.

அயோடின் வெளிறிக் கிடந்தது. பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்தால் அப்படித்தான், மெல்ல ஆவியாகிப் போகும். மருந்துக்கடை போவிடோன் அயோடினைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்தால் இதைவிட நன்றாக வேலை செய்யும்.

சோதிக்க மாவுச்சத்துக்கா பஞ்சம்? 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி, குச்சிக்கிழங்கு மாவேதான். நாலு ஜவ்வரிசி மணியை எடுத்து 10 மி.லி. தண்ணீரில் கஞ்சியாக்கி, நன்றாக ஆறவிட்டு ஒரு சொட்டு அயோடின் விடுங்கள்: கருநீலம். கொதிக்கக் கொதிக்க விட்டால் நிறம் நிற்காது, சூட்டில் அமைலோஸ் (மாவுச்சத்தின் சுருள் வடிவ மூலக்கூறு) அயோடினைப் பிடித்துவைக்காது. குழாயைத் தண்ணீரில் குளிரவைத்தால் ஓரத்திலிருந்து நீலம் திரும்பப் படரும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி.

ஆறே குழாய் என்பதால் கழுவிக் கழுவித்தான் ஓட்ட வேண்டும். பெனடிக்ட் மிச்சம் ஒட்டியிருந்தால் அதன் காரம் அயோடினைக் கொன்று, ஜவ்வரிசியிலேயே மாவுச்சத்து இல்லை என்று சாதிக்கும்.