பார்சலோனாவில் கத்தலான் கதைக்க ஒரு சோடி

திருகோணமலையில் இருந்து பார்சலோனாவுக்குப் படிக்கப் போக ஆயத்தமாகும் பிள்ளைகள் அங்கே இருக்கிற என்னிடம் முதலில் கேட்பது அறை வாடகையையும் பகுதிநேர வேலையையும் பற்றித்தான். அதையெல்லாம் சொல்லி முடித்ததும், கேட்காமலே நான் சொல்கிற விசயம் ஒன்று இருக்கிறது: 'வுலுந்தாரியாத் பர் லா லியெங்குவா'. பார்சலோனா இருக்கிற கத்தலோனியாவின் சொந்த மொழியான கத்தலானைப் பழகுகிற ஒருவரையும் அதைச் சரளமாகக் கதைக்கிற ஒருவரையும் சோடி சேர்த்துவிடும் சேவை. ஸ்பெயினுக்குள் தன்னாட்சி உள்ள மாநிலமான கத்தலோனியாவின் அரசு 2003இல் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு மணித்தியாலம், மொத்தம் 10 மணித்தியாலம். இரண்டு பேரும் கத்தலானிலேயே கதைக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. பரீட்சையும் இல்லை, காசும் இல்லை.

ஸ்பானிஷ் தெரிந்தால் போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். ஆனால் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் நிறைய விரிவுரைகள் கத்தலானில்தான் நடக்கின்றன. மாநகரசபை அறிவித்தல்களும் அப்படித்தான். இன்னொரு பக்கம், 2023இல் எடுத்த கணக்கெடுப்பில் கத்தலோனியாவில் 32.6 வீதமானோர்தான் கத்தலானைத் தங்கள் வழமையான மொழி என்று சொன்னார்கள். சொந்த மண்ணிலேயே குறைந்துவரும் மொழியை வெளியூர்ப் பிள்ளை ஒன்று தட்டுத்தடுமாறிக் கதைக்கும்போது அவர்கள் முகம் எப்படி மலரும் என்பதை நேரில் பார்க்க வேண்டும்.

எனக்குச் சோடியாகக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை, முதல் நாளில் இருந்தே 'ரீச்சர்'தான். பார்சலோனாவின் கிராசியாப் பகுதியில் ஒரு கோப்பிக் கடையில் சந்திப்போம். தெருவெல்லாம் பல்கனிகளில் கொடி தொங்கும். ஏன் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்று கேட்டேன். கடதாசிக் கைதுடைப்பான் ஒன்றை விரித்து, சிவப்புப் பேனையால் நாலு கோடு இழுத்தார். மஞ்சளில் நாலு சிவப்புப் பட்டை, அது 'செனியேரா', எல்லாருக்கும் பொதுவான கொடி. காயப்பட்ட பிரபு ஒருவரின் இரத்தத்தில் அரசன் நாலு விரலைத் தோய்த்துப் பொற்கேடயத்தில் இழுத்த கோடுகள் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான், வரலாறு இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். பிறகு நீலப் பேனையை எடுத்து ஓரத்தில் முக்கோணம் போட்டு, உள்ளே ஒரு வெள்ளை நட்சத்திரத்துக்கு இடம் விட்டார். அது 'எஸ்தலாதா', தனிநாடு கேட்பவர்களின் கொடி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூபாக் கொடியைப் பார்த்து வரைந்தது. முன்வீட்டுக் கம்பியில் வெயில் பட்டு வெளுத்த ஒரு மஞ்சள் நாடா கட்டியிருந்தது. தனிநாடு வேண்டுமா என்று கேட்ட 2017 ஒக்ரோபர் வாக்கெடுப்புக்குப் பிறகு சிறைக்குப் போன தலைவர்களுக்காகக் கட்டினது என்றார். 2021இல் ஒன்பது பேருக்கு மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தார்கள், நாடாவை அவிழ்க்க வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. நான் அந்தத் தெருவால் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு வாசிக்கக் கிடைத்தது.

ஒருநாள் கோப்பிக் கடையை விட்டுவிட்டு எல் போர்னுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1876இல் கட்டிய இரும்புச் சந்தை, 1971இல் மூடியது. பிறகு நூலகம் அமைக்கலாம் என்று தோண்டியபோது கீழே ஒரு பழைய ஊரே கிடந்திருக்கிறது. 2013இல் இருந்து பண்பாட்டு நிலையம். மேலே நின்று பார்க்கக் காசு இல்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால் தெருக்கள், வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதி, நடுவால் ஓடிய வாய்க்காலின் தடம். 1714 செப்ரெம்பர் 11இல், பதினாலு மாத முற்றுகைக்குப் பிறகு நகரம் ஸ்பெயின் மன்னன் ஐந்தாம் பிலிப்பின் படையிடம் விழுந்தது. நகரத்தைக் கண்காணிக்கக் கோட்டை கட்ட வேண்டும் என்று அந்தப் பகுதியையே இடித்தார்கள். தோற்ற அந்த நாளைத்தான் இன்றைக்கும் தேசிய நாளாக நினைவுகூருகிறார்கள்.

அந்த இடத்தில் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டினதை என் அரைகுறைக் கத்தலானில் சொன்னேன். கோட்டை வாசலில் செதுக்கியிருக்கும் மீன்களையும், குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்கிற கல்வெட்டையும் கைபேசியில் காட்டினேன். ரீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்போது போர்த்துக்கலை ஆண்டதும் ஸ்பெயின் மன்னன்தானே என்றார். உண்மைதான். 1580இல் இருந்து 1640 வரை இரண்டுக்கும் ஒரே முடி. அதே 1640இல் கத்தலானியரும் கிளர்ந்தார்கள், போர்த்துக்கேயரும் கிளர்ந்தார்கள். போர்த்துக்கேயர் பிரிந்தார்கள், கத்தலானியரால் முடியவில்லை. அதற்கு முந்தின வருசமே டச்சுக்காரர் திருகோணமலையைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கோட்டை வரலாற்றின் இன்னொரு நுனி பார்சலோனாவில் இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அவர்களுடைய கோட்டையை 19ஆம் நூற்றாண்டில் இடித்துப் பூங்காவாக்கினார்கள். மிஞ்சிய ஆயுதக் கிடங்கில்தான் இன்றைக்குக் கத்தலோனியப் பாராளுமன்றம் கூடுகிறது.

குறை என்று பார்த்தால், 10 மணித்தியாலம் போதாது. நாக்கு இளகிக் கதை சூடு பிடிக்கிற நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். தொடர்ந்து கதைப்பது இரண்டு பேருடைய விருப்பம். சொல் ஒன்றும் தெரியாமல் போனாலும் பயன் இல்லை, சாதாரண வசனம் நாலு சேர்த்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

அரசியலைப் பொறுத்தமட்டில் இன்னும் கவனம் தேவை. உங்களுக்குக் கேட்கக் கிடைப்பது ஒருவருடைய பக்கத்துக் கதைதான். ரீச்சர் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ காலத்துப் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷில் மட்டும் படித்தவர். தன் தாய்மொழியை எழுதப் பழகியது வளர்ந்த பிறகு. அவருக்கு இருக்கிற கோபம் நியாயமான கோபம். தனிச் சிங்களச் சட்டத்தைப் பற்றி அம்மம்மா சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் என் அறைத்தோழியின் பெற்றோர் தெற்கு ஸ்பெயினில் உள்ள அந்தலூசியாவில் இருந்து பிழைக்க வந்தவர்கள், வீட்டில் ஸ்பானிஷ். பள்ளியில் கால்வாசிப் பாடமாவது ஸ்பானிஷில் நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதை அவள் சரி என்கிறாள், ரீச்சர் அநியாயம் என்கிறார். 2024 மே தேர்தலில் தனிநாடு கேட்கும் கட்சிகள் பெரும்பான்மையை இழந்து, ஓகஸ்டில் சோசலிஸ்ட்டான சல்வதோர் இய்யா கத்தலோனிய முதல்வரானதற்கும் இரண்டு பேரிடமும் இரண்டு விளக்கம். இரண்டையும் கேளுங்கள். நான் மொழி விசயத்தில் ரீச்சரின் பக்கம். தனிநாடு பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் அந்த ஊர்க்காரி இல்லை.

செப்ரெம்பரில் படிப்புத் தொடங்குபவர்கள் இப்போதே கத்தலான் படிப்பிக்கும் 'பார்லா.காட்' (Parla.cat) தளத்தில் பதிந்து தனியாகப் படிக்கத் தொடங்கலாம், அதுவும் இலவசம். போய் இறங்கினதும் தொடக்க வகுப்பில் சேர்ந்து, அங்கேயே சோடிக்கும் பெயர் கொடுங்கள். காணொளி வழியாகவும் சோடி சேர்க்கிறார்கள். விடுமுறைக்கு வந்த நான் திருகோணமலை உவர்மலையில் இருந்தபடியே ரீச்சரோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். போக முதல் கோட்டை வாசல், கோணேசர் கோயில், மீன் சந்தை, உங்கள் வீட்டு அடுப்படி எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு சந்திப்பிலும் சொல் வராத இடத்தில் படம் கை கொடுக்கும்.