கல்லீரல் டிபி: ஊசியா, குழாய் வழியா, மருந்து கொடுத்துப் பார்ப்பதா?

நுரையீரல் டிபி என்றால் சளியைக் கொடுத்துப் பார்த்துவிடலாம். கல்லீரலிலோ பித்தக்குழாயிலோ வந்த டிபிக்கு அந்த வசதி கிடையாது. வாரக்கணக்கில் சாயங்காலமானால் காய்ச்சல், எடை இறக்கம், வலது விலாவுக்குக் கீழே ஒரு மந்தமான வலி. ரத்தத்தில் கல்லீரல் செல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம்தான் ஏறியிருக்கும், பித்த ஓட்டத் தடையைக் காட்டும் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் மட்டும் பல மடங்கு தாவி நிற்கும். ஸ்கேனில் ஒரு கட்டியோ பல கட்டிகளோ தெரியும். அது டிபியா, சீழ்க்கட்டியா, புற்றுநோயா என்று ஸ்கேன் சொல்லாது.

பித்தக்குழாயில் வந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, வெளுத்த மலம், குழாயில் ஒரு சுருக்கம்: யார் பார்த்தாலும் முதலில் புற்றுநோய் என்றுதான் நினைப்பார்கள். புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையால் பிரித்துவிடலாம் என்பதும் நடக்காது. பித்தம் அடைத்துக்கொண்டாலே அது ஏறும். பெரிய அறுவை சிகிச்சை செய்து வெட்டியெடுத்த பிறகு, திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து டிபி என்று கண்டுபிடித்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

அதனால் கேள்வி ஒன்றுதான். எந்த வழியில் போனால் உறுதியான பதில் கிடைக்கும்?

கல்லீரலுக்குள் கட்டி இருந்தால் என் ஓட்டு ஊசி பயாப்ஸிக்குத்தான் (திசு எடுத்துச் சோதிப்பது). அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசியை இறக்கி, நூல் போன்ற ஒரு துண்டுத் திசுவை எடுப்பார்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி.யில் வலி குறைவு, ஆனால் கிடைப்பது சிதறிய செல்கள் மட்டுமே. கிரானுலோமா (கிருமியைச் சுற்றி நோய் எதிர்ப்பு செல்கள் திரளும் சிறு முடிச்சு) எப்படி அடுக்கியிருக்கிறது, நடுவில் பாலாடைக்கட்டி நொறுங்கியது போன்ற சிதைவு இருக்கிறதா என்று பார்க்கத் துண்டுத் திசுதான் வசதி. பலவீனமும் உண்டு. அந்தத் துண்டு மொத்தக் கல்லீரலில் சுமார் 50,000-இல் ஒரு பங்குதான். கட்டி இல்லாமல் உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் பரவிய டிபியில் ஊசி எங்கே போனாலும் ஏதாவது சிக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு கட்டி என்றால் குறி தப்பாமல் இருக்க வேண்டும். ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ, வயிற்றில் நிறைய நீர் கோத்திருந்தாலோ, கழுத்திலுள்ள ரத்தக்குழாய் (சிரை) வழியாகப் போய்த் திசு எடுப்பதுதான் பாதுகாப்பு.

வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபிக்கு மயக்க மருந்து வேண்டும், வயிற்றில் துளை போட வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்து எடுக்கலாம். கல்லீரலின் மேற்பரப்பில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள், வயிற்றுச் சவ்விலும் அதே பொட்டுகள் இருந்தால் இரண்டு இடத்திலும் திசு எடுத்துவிடலாம். வயிற்றில் நீரும் இருந்தால் நான் இதைத்தான் முன்னால் வைப்பேன்.

பித்தக்குழாய்க்கு வருவோம். வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுச் செய்யும் ஈ.ஆர்.சி.பி.யில் ஒரே தடவையில் இரண்டு வேலை முடியும் என்பார்கள்: அடைப்பைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய், அப்படியே பிரஷால் பித்தக்குழாயைச் சுரண்டிப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். ஸ்டென்ட் விஷயத்தில் அது சரி. சுரண்டலை நான் அவ்வளவு நம்ப மாட்டேன். பிரஷில் ஒட்டி வருவது குழாயின் உட்பரப்புச் செல்கள். டிபி இருப்பது பெரும்பாலும் அதற்கு அடியில், அல்லது குழாய்க்கு வெளியே நெறி கட்டிய நிணக்கணுக்களில். கணு வெளியிலிருந்து அழுத்துகிறது என்று ஸ்கேன் சொன்னால், எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டில் இரைப்பையின் சுவர் வழியாகவே ஊசியை விட்டு அந்தக் கணுவில் எடுப்பது மேல். பிரஷில் ‘புற்றுநோய் செல் இல்லை’ என்று வந்தால் அது டிபிக்குச் சான்றாகாது. புற்றுநோய் இல்லை என்பதற்கும் உறுதியாகாது.

கடைசியாக, ‘மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம், குறைந்தால் டிபி’ என்ற வழி. எனக்கு இது பிடிக்காது. முதல் வரிசை மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. ரிஃபாம்பிசின் வேறு பல பாக்டீரியாக்களையும் கொல்லும் என்பதால் காய்ச்சல் தணிந்தது டிபி என்பதாலா, வேறு கிருமி போனதாலா என்று தெரியாது. உண்மையில் புற்றுநோய் என்றால் இரண்டு மாதம் வீண். ஒரு விதிவிலக்கு உண்டு: டிபி உடம்பெங்கும் பரவி ஆள் சரிந்துகொண்டிருந்தால் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது, மருந்தை ஆரம்பித்தே ஆக வேண்டும். அப்போதும் முடிந்தால் திசுவை முதலில் எடுத்துவிட்டுத்தான்.

எந்த வழியில் எடுத்தாலும் காரியம் கெடுவது பெரும்பாலும் எடுத்த அடுத்த நிமிடத்தில். பழக்கதோஷத்தில் முழுத் துண்டையும் திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவ பாட்டிலில் போட்டு மூடிவிடுவார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பிறகு கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராது, ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற மரபணுச் சோதனையும் பலவீனப்படும். ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொரு துண்டு வெறும் சலைனில் (உப்புநீர்). பாட்டில் இரண்டு இருக்கிறதா என்று ஊசி போடும் முன்பே கேட்டுவிடுங்கள். சங்கடப்பட வேண்டிய கேள்வி அல்ல.

ஃபார்மலின் துண்டில் கிரானுலோமா தெரிந்தால் மட்டும் போதாது. சார்காய்டோசிஸ், புருசெல்லோசிஸ் போன்ற வேறு நோய்கள், சில பூஞ்சைகள், சில மருந்துகள்கூட அதை உண்டாக்கும். சாயம் போட்டுக் கிருமியைத் தேடும் பழைய சோதனை மலிவு, வேகம். ஆனால் ஒரு மில்லிலிட்டரில் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். கல்லீரலில் அவ்வளவு இருப்பது அபூர்வம். கல்ச்சர்தான் உறுதியான சான்று, ஆனால் ஆறு வாரம்வரை இழுக்கும். ஜீன்எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்தில் கிருமியையும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதில் ‘இல்லை’ என்று வந்தாலும் கல்ச்சரை நிறுத்தக் கூடாது. முன்பே டிபிக்கு மருந்து சாப்பிட்டவர் என்றால் செத்த கிருமியைக்கூட அது ‘இருக்கிறது’ என்று காட்டக்கூடும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

அடைப்பு இருந்தால் அதை முதலில் திறப்பது நல்லது, ஏனென்றால் ரிஃபாம்பிசின் வெளியேறுவதே முக்கியமாகப் பித்தம் வழியாகத்தான். ஸ்டென்டா, தோல் வழியாகக் கல்லீரலுக்குள் விட்டு, பித்தத்தை வெளியே ஒரு பையில் வடிக்கும் குழாயா? பித்தக்குழாயின் கீழ்ப்பகுதியில் அடைப்பு என்றால் ஸ்டென்ட். பக்கத்தில் பை தொங்காது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். கல்லீரலின் வாயிலில், குழாய்கள் பிரியும் இடத்தில் சிக்கலான சுருக்கம் என்றால் வெளிக்குழாய் கைகொடுக்கும், ஆனால் பையோடு வாழ்வது தொல்லை. தூக்கத்தில் புரண்டு குழாய் நகர்ந்துவிடும் பயம் வேறு. மருந்தில் டிபி ஆறிய பிறகும் தழும்பு சுருங்கிக் குழாயை இறுக்கலாம். அப்போதுதான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்புறம் ஒன்று. மருந்து தொடங்கிய முதல் வாரத்திலேயே ‘காமாலை கூடிவிட்டது’ என்று பதறி மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், கண்ணீரையும்கூட. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் அடர்த்தியாக இருந்து பிறகு வெளுத்துக்கொண்டே போனால் அது மருந்தின் நிறம். பகல் வெளிச்சத்தில் கீழிமையை இழுத்துப் பாருங்கள்: வெள்ளைவிழி மஞ்சளாக இருந்தாலோ, வாந்தியும் பசியின்மையும் சேர்ந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் மாத்திரைக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். இந்த நோயில் எண்கள் ஆரம்பத்திலேயே ஏறித்தான் இருக்கும். அதோடு ஒப்பிட்டால்தான் மருந்தின் வேலையா நோயின் வேலையா என்று அவரால் பிரிக்க முடியும்.