இலகுவான அலாய் சக்கரங்கள்: பலன் எஞ்சினில் இல்லை, சஸ்பென்ஷனில் இருக்கிறது

தொழிற்சாலையில் வந்த அலாய் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அதே 16 அங்குல விட்டத்திலும் அதே அகலத்திலும் ஃப்ளோ ஃபார்மிங் (வார்த்த சக்கரத்தின் உருளைப் பகுதியை அழுத்தி நீட்டும்) முறையில் செய்யப்பட்ட இலகுவான சக்கரங்களைப் பொருத்தி ஓட்டியதன் மதிப்பீடு இது. பழைய சக்கரங்களில் இருந்த 205/55 ஆர்16 (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம்) டயர்களையே புதியவற்றிலும் ஏற்றினேன். டயரும் மாறியிருந்தால் எந்த வேறுபாடு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. தராசில் பழைய சக்கரம் ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோவும் புதியது ஏழு கிலோவும் காட்டின. நான்கிலும் சேர்த்து மிச்சம் பத்துக் கிலோ.

இந்தப் பத்துக் கிலோவைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்லும் கணக்கை முதலில் ஒதுக்கிவிடுவது நல்லது. சக்கரத்தில் ஒரு கிலோ குறைந்தால் வண்டியின் உடலில் எட்டுக் கிலோ, பத்துக் கிலோ குறைந்ததற்குச் சமம் என்பார்கள். உருண்டோடும் சக்கரத்துக்கு முன்னோக்கிய இயக்கத்தோடு சுழற்சியின் ஆற்றலையும் எஞ்சின் தர வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சக்கரத்தின் மொத்த எடையும் சாலையைத் தொடும் விளிம்பிலேயே குவிந்திருந்தாலும் ஒரு கிலோவின் விளைவு இரண்டு கிலோவைத் தாண்டாது. டயர் அமரும் உலோக வளையமான ரிம்மோ அந்த விளிம்பிலிருந்து வெகு உள்ளே இருக்கிறது. இந்த டயரின் ஆரம் சுமார் 316 மில்லிமீட்டர், ரிம்மின் ஆரம் 203 மில்லிமீட்டர். ஆரக்கால்களின் எடை மையத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆகவே வேகமெடுக்கும்போது ரிம்மின் ஒரு கிலோ, ஏறக்குறைய 1.3 கிலோவாகத்தான் செயல்படும். 1300 கிலோ எடையுள்ள காரில் இது மூன்று வயதுக் குழந்தை ஒன்று இறங்கிக்கொண்டதற்கு ஒப்பானது. நூறு கிலோமீட்டர் வேகத்தை 11 விநாடிகளில் எட்டும் வண்டி, இனி விநாடியில் பத்தில் ஒரு பங்கு முன்னதாக எட்டும். காலில் அது தெரியாது. தெரிகிறது என்பவர்கள் செலவழித்த பணத்தை உணர்கிறார்கள் என்றே எண்ணுகிறேன்.

எரிபொருளிலும் இதே நிலைதான். சீரான வேகத்தில் செல்லும்போது சுழற்சியின் ஆற்றல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. நின்று நின்று செல்லும் நகரப் போக்குவரத்தில் மட்டும் ஒரு சிறு மிச்சம் உண்டு. வேகமும் சிக்கனமும்தான் நோக்கம் என்றால், டயரின் எடையைப் பார்ப்பது மேல். டயரின் பெரும்பங்கு எடை வெளிவிளிம்பில் இருப்பதால் அங்கே குறையும் ஒரு கிலோவுக்கு மதிப்பு அதிகம். ஒரே அளவுள்ள இரண்டு டயர்களுக்கிடையே ஒரு கிலோவுக்கு மேலும் வேறுபாடு இருக்கக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மாற்றம் உண்மையில் தெரிந்தது வேறிடத்தில். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, அதாவது சக்கரம், டயர், பிரேக், சக்கரம் பொருந்தும் மையப் பகுதியான ஹப் ஆகியவை சேர்ந்தது, இத்தகைய காரில் ஒரு மூலைக்கு நாற்பது கிலோ அளவில் இருக்கும். வண்டியின் மொத்த எடையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லாத இரண்டரைக் கிலோ, இந்த நாற்பதோடு ஒப்பிடும்போது ஆறு சதவீதமாகிறது. மேடு பள்ளத்தில் மேலெழும் சக்கரத்தை மீண்டும் தரையோடு சேர்க்க வேண்டிய ஷாக் அப்சார்பருக்கு அந்த அளவு வேலை குறைகிறது. பெரிய பள்ளங்களில் வேறுபாடு எதுவும் இல்லை. ஒட்டுப்போட்ட தார்ச்சாலையிலும் கான்கிரீட் இணைப்புகளிலும் வரும் சிறிய, தொடர்ச்சியான அதிர்வுகள் மட்டும் மட்டுப்பட்டன. மேடுபள்ளமான வளைவுகளில் முன்சக்கரம் சற்றுத் துள்ளி ஸ்டீயரிங்கை இழுக்கும் பழக்கமும் குறைந்தது. பெரிய மாற்றமல்ல, ஆனால் நாள்தோறும் கைக்குக் கிடைப்பது. கொடுத்த பணத்துக்கு நியாயம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

இனி, வாங்குபவரை அதிகம் உறுத்த வேண்டிய கேள்வி: இலகுவானது நீடித்து உழைக்குமா? எடையை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. வார்ப்புச் சக்கரத்தில் உருகிய அலுமினியம் அச்சில் உறையும்போது நுண்துளைகள் விழ வாய்ப்புள்ளதால், அந்தக் குறையை ஈடுகட்டும் வகையில் உலோகத்தைத் தடிமனாக விடுகிறார்கள். ஃப்ளோ ஃபார்மிங்கில் முகப்பு வார்ப்பாகவே இருக்க, டயர் அமரும் உருளைப் பகுதியைச் சூடாக்கிச் சுழற்றி, ரோலர்களால் அழுத்தி நீட்டுகிறார்கள். இதனால் அப்பகுதி அடர்ந்து, மெல்லியதாக இருந்தும் வலுவாகிறது. ஃபோர்ஜிங் முறையில் முழுச் சக்கரமும் பேரழுத்தத்தில் உருவாவதால் எடை இன்னும் குறையும். ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட டிஇ37 இவ்வகைதான். அதன் பெயரிலுள்ள 37, அன்றைய 15 அங்குலச் சக்கரத்தின் 3.7 கிலோ எடையைக் குறிப்பது. ஆனால் தரம் குறைந்த வார்ப்பிலிருந்து உலோகத்தை வெறுமனே செதுக்கி எடுத்தும் எடையைக் குறைக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனவே எடைக்கு முன் பார்க்க வேண்டியது, சக்கரத்தின் பின்புறம் பொறித்திருக்கும் சுமைத் திறன். காரின் முன், பின் அச்சுகளில் (ஆக்ஸில்) எது அதிகச் சுமை தாங்குகிறதோ அதன் அனுமதிக்கப்பட்ட சுமையில் பாதிக்குக் குறையாமல் அந்த எண் இருக்க வேண்டும். பேட்டரியின் எடையைச் சுமக்கும் மின்சாரக் கார்களில் இது மிக முக்கியம். அடுத்தது, ஜேடபிள்யூஎல், விஐஏ போன்ற, சக்கரத்தின் பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் ஜப்பானிய முத்திரைகள். சுழல்வளைவுச் சோர்வு (திரும்பத் திரும்ப வளைவதால் உலோகம் வலுவிழப்பது), உருளும் சுமை, பதின்மூன்று பாகை சாய்வில் மோதல் ஆகிய சோதனைகளின் பின்னணி இல்லாத சக்கரம் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். இந்த அளவு சுமைக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் சோர்வடையாது என்று எஃகுக்கு இருக்கும் எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு சிறு அடியும் கணக்கில் ஏறிக்கொண்டேயிருக்கும்.

அடி முதலில் விழுவது பெரும்பாலும் உள்விளிம்பில். ஆரக்கால்கள் வெளிமுகப்பை ஒட்டியிருப்பதால் உள்விளிம்பைத் தாங்க மெல்லிய உருளையைத் தவிர வேறெதுவும் இல்லை, பள்ளத்தில் வளைந்தாலும் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. நான் வாங்கியவற்றில் அந்த விளிம்பு பழைய சக்கரத்தைவிடச் சற்றுத் தடித்தே இருந்தது; எடையை ஆரக்கால்களின் பின்புறக் குழிவிலும் உருளையிலும் எடுத்திருக்கிறார்கள். இந்த நிதானத்துக்காகவே இந்தத் தயாரிப்பைப் பாராட்டுகிறேன். காரணமின்றிக் காற்று மெல்ல இறங்கினால் அங்கே விரிசலைத் தேட வேண்டும். விரிசலை வெல்டிங் செய்து தருகிறோம் என்பவர்களிடம் சக்கரத்தைக் கொடுக்கக்கூடாது, ஏனெனில் அந்தச் சூட்டில் தயாரிப்பின்போது சூடேற்றி உலோகத்துக்குக் கொடுத்த உறுதி போய்விடுகிறது.

இதே சக்கரத்தை 18 அங்குலத்திலும் விற்கிறார்கள். 225/40 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர்தான், என்னுடையதில் 113. பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் மெத்தை ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, விட்டம் கூடுவதால் மிச்சமான எடையும் திரும்ப ஏறுகிறது, அதுவும் மையத்திலிருந்து விலகிய இடத்தில். அழகுக்காக என்றால் சரி.

பொருத்தும்போது மையத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்ததால் இடைவளையங்கள் தேவைப்பட்டன. அவை பெட்டியிலேயே இருந்தன. நட்டுகள் இல்லை. பழைய நட்டு சக்கரத்தில் அமரும் பகுதி உருண்டை, புதிய சக்கரத்தினுடையதோ கூம்பு; பழையதையே போட்டு இறுக்கினால் பிடிக்கும், ஆனால் ஓட்டத்தில் தளரும். இந்தத் தகவலைத் தயாரிப்பாளர் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். சரியான கூம்பு நட்டுகளைத் தனியாக வாங்கி, கார் கையேட்டிலுள்ள அளவுக்கு முறுக்கு விசையை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச்சால் முடுக்கி, முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.