ஏற்காட்டில் ஒரு டிரை கேபினட்: பெட்டி நல்லது, எண் பொய்

கேமராவும் லென்ஸும் ஈரம் தாக்காமல் வைப்பதற்கான ஐம்பது லிட்டர் டிரை கேபினட் ஒன்றை ஏற்காட்டில் சில மழைக்காலங்களாகப் புழங்கி வருகிறேன். எத்தனை தட்டு, எத்தனை வாட், கதவுக்குப் பூட்டு உண்டா என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறார்கள்; அதைத் திருப்பி எழுதி யாருக்கும் பயனில்லை. நான் எழுத வந்தது கதவுக்கு மேலே பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருக்கும் இரண்டு இலக்க எண்ணைப் பற்றி. உள்ளே எவ்வளவு ஈரப்பதம் இருக்கிறது என்று சொல்வது ஒன்றுதான் அதன் வேலை. அந்த ஒன்றை அது சரியாகச் செய்வதில்லை.

இப்போது எழுதக் காரணம் உண்டு. உலர்த்தும் பாகம் பழுதாகி, புதிதாக மாற்றி வந்திருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து இதே மாடலின் விலையையும் நன்றாகக் குறைத்துவிட்டார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் நண்பர், "என்னங்க, இந்த விலைக்கு வாங்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். அவருக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வருகிறவர்களுக்குப் பனிமூட்டம் ஒரு வார இறுதியின் சந்தோஷம். இங்கே குடியிருப்பவர்களுக்கோ அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து, துணியைக் காயவிடாமல், அப்பளத்தை நமுக்கச் செய்து, பீரோவிலுள்ள தோல் செருப்பில் பூசணம் பூக்கவைக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து வடகிழக்குப் பருவமழை விடைபெறும்வரை, வீட்டுக்குள்ளேயே ஈரப்பதம் எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையில் நிற்கிற நாட்கள் ஏராளம். எழுபதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சைக்குப் போதும்.

நான் எடுப்பது பெரும்பாலும் ஆர்க்கிட் மலர்கள். காபித் தோட்டத்து நிழல் மரங்களில் கண்ணுக்கே தட்டுப்படாத அளவில் பூக்கிறவை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருப்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைப்பதற்கான உணவு அதனுள் சேமிப்பில் இல்லை. காட்டில் அது முளைக்க வேண்டுமென்றால் ஒரு பூஞ்சை வந்து ஊட்ட வேண்டும். நான் தேடிப் போகிற பூவுக்குத் தாதியாக இருக்கும் பூஞ்சையின் தூரத்து உறவு ஒன்றுதான் என் லென்ஸுக்குள் குடிபுகுந்தது. இந்த மலையில் ஆர்க்கிட் இவ்வளவு செழிப்பதும், இங்கே லென்ஸ் வைத்திருப்பது இவ்வளவு பாடாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

பூஞ்சை பிடித்த லென்ஸைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் சாய்வாகப் பாருங்கள். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, கிளைவிட்டுக் கிளைவிட்டு, மிக மெல்லிய வெள்ளை இழைகள் ஓடும். துடைத்தால் போகாது, ஏனென்றால் அவை உள் கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும். அதைவிடக் கொடுமை, பூஞ்சை கசியவிடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரிப்பது. சின்னப் பூக்களை அருகிலிருந்து எடுக்கும் என் மேக்ரோ லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தவர் இழைகளை எல்லாம் எடுத்துவிட்டார். அவை இருந்த தடம் மட்டும் ஓரத்தில் தங்கிவிட்டது. "ஈரத்திலேயே வைத்திருந்தீர்களென்றால் திரும்ப வரும் சார்" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பெட்டி.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மேக்ரோ லென்ஸில் பூஞ்சை திரும்ப வரவில்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பழைய தடம் பழைய இடத்தில், பழைய நீளத்தில் இருக்கிறது. புது இழை ஒன்றுகூட இல்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இடிமழை என்றால் இங்கே மின்சாரம் போவது வழக்கம். சில சமயம் இரவு முழுக்க வராது. கதவைத் திறக்காமல் விட்டுவிட்டால், மறுநாள் காலையில் உள்ளே ஈரப்பதம் நாலைந்து புள்ளிதான் ஏறியிருக்கும். சத்தம் என்பதே கிடையாது. படுக்கையறையில் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் அந்த எண்ணில் மட்டும் ஏன் இப்படி நடந்துகொண்டார்கள்?

சந்தேகம் வந்தது ஒரு சாதாரண சங்கதியால். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றைக் கீழ்த்தட்டில் போட்டுவைத்தேன். கதவு எண் 45 என்றது. ஈரமானி 54 என்றது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், அடுப்படி உப்பு போதும்.

கல்லுப்பைப் பொடித்து, சோடா மூடி ஒன்றில் முக்கால் பாகம் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். உப்பு கரைந்துபோகக் கூடாது. ஈர மணல் பதத்தில் நிற்க வேண்டும். அந்த மூடியையும் ஈரமானியையும், ஒன்றோடொன்று படாமல், காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு மூடிவிட்டு, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். செறிந்த உப்புக் கரைசலுக்கு மேலே அடைபட்ட காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும். அறை வெப்பநிலை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த 75 அசையாது. உப்பின் குணம் அது. காலையில் என் ஈரமானி 73 காட்டியது. அதாவது இரண்டு புள்ளி குறைத்துக் காட்டுகிறது. எதைக் காட்டினாலும் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் கீழ்த்தட்டில் உண்மையான ஈரப்பதம் 56. கதவோ 45 என்கிறது. பிறகு ஈரமானியை மேலே, பெட்டியின் சொந்த உணர்கருவிக்குப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். இரண்டைக் கூட்டி 51 வந்தது. ஆக, உணர்கருவி தன் மூக்குக்கு நேரே இருக்கும் காற்றையே ஆறு புள்ளி குறைத்துச் சொல்கிறது. மீதி ஐந்து புள்ளி அதை வைத்த இடத்தால் வந்தது. உலர்த்தும் பாகம் பின்பக்கம் மேலே இருக்கிறது. உணர்கருவியை அதற்குக் கீழேயே பொருத்தியிருக்கிறார்கள். காற்றைச் சுழற்றிவிட உள்ளே விசிறி கிடையாது. பெட்டியிலேயே மிக உலர்ந்த மூலையில் உட்கார்ந்துகொண்டு அது பெட்டி முழுவதற்கும் கணக்குச் சொல்கிறது. சிமெண்ட் தரையை ஒட்டிய கீழ்த்தட்டு எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சி. குளிர்ந்த இடத்தில் ஈரப்பதம் ஏறித்தான் இருக்கும்.

56 என்பது ஆபத்தான எண் அல்ல. லென்ஸ் பிழைத்தது அதனால்தான். ஆனால் இந்த எண் வெறும் அலங்காரம் இல்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று உலர்த்தும் பாகத்துக்கு உத்தரவு போடுவதும் இதே உணர்கருவிதான். இது 45 என்று நம்பினால் அது வேலையை நிறுத்திவிடும். பழுது வந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? உலர்த்தும் பாகம் அடியோடு செத்துப்போயிருந்தது. கதவில் எண் 58. மழை நாள், கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று யாரும் விட்டுவிடக்கூடிய எண். கீழ்த்தட்டு ஈரமானியில் உண்மைக் கணக்கு 67. அந்தச் சில நூறு ரூபாய்ப் பொருள் இல்லாதிருந்தால் ஐப்பசி மழை முழுவதும் என் லென்ஸ்கள் நனைந்த அறையில் கிடந்திருக்கும். கண்ணாடியைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற பெட்டி, தான் செத்துப்போனதையே மறைத்துக்கொண்டு நிற்பதை நான் சிறு குறை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பழுது பார்த்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியிருக்கவில்லை; பின்பக்கம் நான்கு திருகுகளைக் கழற்றினால் உலர்த்தும் பாகம் தனியாக வந்துவிடுகிறது. துண்டில் சுற்றி, பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோய்க் கூரியரில் அனுப்பினேன். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்ததால் காசு வாங்காமல் புதிது அனுப்பினார்கள். ஆனால் எண்ணைப் பற்றித் தொலைபேசியில் பேசியபோது வந்த பதில்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. "சார், ஐந்து புள்ளி முன்னே பின்னே இருப்பது இயல்புதான்." ஐந்து புள்ளி இல்லை, பதினொன்று என்றேன். கீழ்த்தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்றார். கீழ்த்தட்டில் லென்ஸ் வைக்கலாமா என்றேன். தாராளமாக வைக்கலாம் என்றார். லென்ஸ் வைக்கலாம், அங்கே என்ன ஈரப்பதம் என்று மட்டும் பார்க்கக் கூடாதாம்.

18ஆம் நூற்றாண்டில் சோசூர் என்ற சுவிஸ் அறிஞர் மனிதத் தலைமுடி ஒன்றை வைத்தே ஈரமானி செய்தார். ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும், அவ்வளவுதான் தத்துவம். அதில்கூட முள்ளைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. இந்தப் பெட்டியில் எண்ணைத் திருத்த ஒரு பொத்தான் கிடையாது.

வாங்க நினைக்கும் மலைவாசிகளுக்கு இன்னொன்று. இந்தப் பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. என்னுடையது பெல்டியர் வகை. மின்சாரம் பாயும்போது ஒரு தகடு குளிர்கிறது. உள்காற்றின் ஈரம் அதில் படிந்து வெளியே போகிறது. 25 டிகிரி அறையில், ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும் காற்றிலிருந்து நீர் பிரிய, தகடு 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் போதும். மார்கழி, தை இரவில் அறை 13 டிகிரிக்கு இறங்கும்போது அதே வேலைக்கு 3 டிகிரிக்கும் கீழே போயாக வேண்டும். தகடு திணறுகிறது. மற்ற வகையில் ஈரத்தை உறிஞ்சும் கட்டி ஒன்று இருக்கும். அவ்வப்போது அதைச் சூடாக்கி ஈரத்தை வெளியே தள்ளிவிடுவார்கள். குளிர் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஏற்காட்டுக்கு அந்த வகைதான் பொருத்தம். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, கேட்டு வாங்குங்கள்.

அஸ்தம்பட்டி நண்பருக்கு என் பதில்: வேண்டாம். 20 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்றை அப்படியே 28 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 56 சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிடும். சேலத்துக்கு இயற்கையே பாதி டிரை கேபினட். ரப்பர் பட்டை வைத்த நல்ல பிளாஸ்டிக் டப்பா, அரைக்கிலோ சிலிக்கா ஜெல், உப்பில் சோதித்த ஓர் ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெதுவான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அவர் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு: ஏற்காட்டில் அதிகாலையில் குளிர்ந்த லென்ஸைக் கீழே இறங்கியதும் பையிலிருந்து எடுக்கக் கூடாது. சேலத்துக் காற்று பட்டவுடன் அது வியர்த்துவிடும். பையை மூடியபடியே ஓரிரு மணி நேரம் வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும்.

மேலே இருப்பவர்களுக்கும் இந்த மாடலை வாங்குங்கள் என்று சொல்ல என் வாய் வரவில்லை. என் லென்ஸைக் காப்பாற்றியது இதுதான், விலையும் குறைந்திருக்கிறது, எல்லாம் சரி. இருந்தாலும் சொல்ல மாட்டேன். பொருள் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், அளவைத் தப்பாகச் சொல்கிற பொருளை மன்னிக்க எனக்கு மனமில்லை. உணர்கருவியை நடுத்தட்டுக்கு மாற்றி, எண்ணைத் திருத்த ஒரு பொத்தான் வைத்துவிட்டால் நானே பத்துப் பேரிடம் பரிந்துரைப்பேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், உள்ளே உண்மையாகவே 45 வேண்டுமென்றால் பெட்டியின் இலக்கை 35இல் வையுங்கள். லென்ஸ்கள் எல்லாம் மேல்தட்டில் இருக்கட்டும். கீழ்த்தட்டில் சார்ஜர், வார்ப்பட்டை, காலியான ஃபில்டர் டப்பா ஆகியவற்றோடு ஈரமானியும் இருக்கட்டும். அதன் முகம் கதவுக் கண்ணாடியைப் பார்த்தபடி, வெளியிலிருந்தே படிக்கிற மாதிரி. ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுபடி உப்புப் பையில் போட்டுப் பாருங்கள்.